கைபேசியில் பாங்கு: சாவி யார் கையில்?

திண்டுக்கல் என்றவுடன் வெளியூர்க்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது பூட்டு. கைவேலையால் உருவாகும் இந்தப் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல பூட்டு ஒன்றை வாங்குகிறவர் அதன் சாவியைக் கடையிலேயே ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புவதில்லை. ஆனால், தம் பணம் இருக்கும் பாங்குக் கணக்கின் சாவியை நம்மில் பலர் அன்றாடம் பிறர் கையில் கொடுத்து வருகிறோம். "நீங்களே பார்த்து அனுப்பிவிடுங்கள், தம்பி" என்று கைபேசியை நீட்டி, 'பின்' நம்பர் எனப்படும் ரகசிய எண்ணையும் நாலு பேர் காதில் விழச் சொல்லிவிடுகிறோம்.

கைபேசி வழியாகப் பணம் பெறுவதும் அனுப்புவதும் இன்று நகரத்துச் சௌகரியம் மட்டுமன்று. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலும், நிலக்கோட்டைப் பூச்சந்தையிலும், சிற்றூர்த் தேநீர்க் கடையிலும் அது வழக்கத்துக்கு வந்துவிட்டது. அது எவ்வாறு இயங்குகிறது, குடியானவருக்கு அதனால் விளையும் நன்மை யாது, எந்த இடத்தில் ஏமாற்றம் நுழைகிறது என்பனவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

நேற்றைய நிலை

கிராமத்தில் பணம் குறைவாக இருந்தது ஒரு குறை. இருந்த பணத்தின் கணக்கும் குடியானவர் கையில் இல்லாதது அதனினும் பெரிய குறை. வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் லேவாதேவிக்காரரின் குறிப்பேட்டில் மட்டுமே இருந்தன. இந்நிலையை மாற்றவே 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்தில், திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு கடன் சங்கம் தோன்றியது.

ஆயினும் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. 1951-52-இல் ரிசர்வ் பாங்கின் ஏற்பாட்டில் 75 ஜில்லாக்களைச் சேர்ந்த 600 கிராமங்களில் கடன் நிலைமை ஆராயப்பட்டது. 1954-இல் வெளிவந்த அதன் அறிக்கையின்படி, விவசாயிகள் வாங்கிய கடனில் நூற்றுக்குச் சுமார் 70 ரூபாய் லேவாதேவிக்காரரிடமிருந்து வந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது சுமார் 3 ரூபாய். வணிகப் பாங்குகள் கொடுத்தது ஒரு ரூபாய்க்கும் குறைவு. இதன் பின்னர்தான் 1955-இல் ஸ்டேட் பாங்க் ஆப் இந்தியா அமைந்தது. 1969-இல் 14 பெரிய பாங்குகள் நாட்டுடைமையாயின. 1982-இல் நபார்டு பாங்கு தொடங்கப்பட்டது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் அரசாங்கத்தின் ஆதரவுடன் அமைக்கப்பட்டன.

குடும்பம்தோறும் ஒரு கணக்கு என்னும் கருத்து, நம் அண்டையிலுள்ள புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில் 2005-06-இல் இந்தியன் பாங்கின் முயற்சியால் செயல் வடிவம் பெற்றது. 2014 ஆகஸ்டு 28-ஆம் நாள் தொடங்கிய ஜன தன் திட்டம் அக்கருத்தை நாடு முழுவதற்கும் கொண்டு சென்றது. 2023 ஆகஸ்டில் அத்திட்டக் கணக்குகள் 50 கோடியைக் கடந்தன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை பெண்களின் கணக்குகள்.

இந்த எண்ணிக்கை மகிழ்ச்சி தருவதே. எனினும், கணக்குத் திறப்பது கிணறு வெட்டுவது போன்றது. கிணற்றில் கமலை பூட்டி நீர் இறைத்தால்தான் பயிருக்குப் பயன். உலக பாங்கின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 78 பேர் கணக்கு உடையவர்கள். 2011-இல் இது 35 ஆகவே இருந்தது. ஆனால், 2021-இல் கணக்குடையோரில் நூற்றுக்கு 35 பேர் ஓராண்டுக் காலத்தில் ஒருமுறைகூடப் பணம் போட்டதுமில்லை, எடுத்ததுமில்லை. பாஸ் புத்தகம் பெட்டியில் உறங்கியது. கணக்கும் உடன் உறங்கியது.

கைபேசி பாங்கு ஆன விதம்

உறங்கும் கணக்கை எழுப்பும் கருவியாகக் கைபேசி வந்தது. இதற்கு முன்னோடியாகக் கூறத்தக்க நாடு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா. அங்கு 2007 மார்ச்சில் ஒரு கைபேசி நிறுவனம் 'எம்-பெசா' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. நைரோபி நகரில் வேலை பார்ப்பவர் அருகிலுள்ள கடையில் பணத்தைக் கட்டுவார். ஊரிலுள்ள குடும்பத்தார் தம் கைபேசிக்கு வரும் செய்தியைக் காட்டித் தம்மூர்க் கடையில் பணத்தைப் பெற்றுக்கொள்வர். அதற்கு முன்பு இத்தகைய பணம் பஸ் ஓட்டுநர் கையிலும் உறவினர் கையிலும் கொடுத்தனுப்பப்பட்டு வந்தது. இந்த ஏற்பாட்டினால் 1,94,000 குடும்பங்கள் வறுமைக் கோட்டைத் தாண்டின என்று தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் மதிப்பிட்டனர். பெண்களைத் தலைவராகக் கொண்ட குடும்பங்களே மிகுதியாகப் பயன் அடைந்தன என்பது நாம் கருதத்தக்கது.

இந்தியா வேறொரு வழியை மேற்கொண்டது. இங்குப் பணம் கைபேசி நிறுவனத்திடம் இருப்பதில்லை; பாங்குக் கணக்கிலேயே இருக்கிறது. கைபேசி, ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு உத்தரவு கொண்டு செல்லும் தூதன் மட்டுமே. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. என்னும் இம்முறையில், ஒரு பாங்கில் கணக்குள்ளவர் எந்தப் பாங்கில் கணக்குள்ளவருக்கும் நொடிப் பொழுதில் பணம் அனுப்பலாம். 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. 2025 ஆகஸ்டில் அது இரண்டாயிரம் கோடியைத் தாண்டியது.

கிராமவாசிக்கு இன்று மூன்று வாயில்கள் திறந்துள்ளன. முதலாவது, தொடுதிரைக் கைபேசியில் யு.பி.ஐ. முறை. இரண்டாவது, பொத்தான் வைத்த சாதாரணக் கைபேசியில் *99# என்று அழுத்தி, திரையில் வரும் வினாக்களுக்கு விடையளித்துப் பணம் அனுப்பும் முறை. இதற்கு இணைய வசதி வேண்டுவதில்லை. மூன்றாவது, கைபேசியே இல்லாதவருக்கு உரியது. பாங்கின் பிரதிநிதியாக ஊரில் அமர்ந்திருக்கும் வணிகத் தொடர்பாளரிடம் சென்று, ஆதார் எண்ணைக் கூறி, சிறு கருவியில் விரல் ரேகை வைத்துப் பணம் பெறலாம். இத்தகைய பிரதிநிதிகளை அமர்த்திக்கொள்ளப் பாங்குகளுக்கு ரிசர்வ் பாங்கு 2006-இல் அனுமதி வழங்கியது. கிளைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழந்து வந்த முதியோருக்கு இது பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை.

பூ மார்க்கெட்டில் ஒரு கணக்கு

இனி, நம் மாவட்டத்து விவசாயி ஒருவரின் நிலையைக் கருதுவோம். விடியுமுன் பறித்த மல்லிகையைத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கோ நிலக்கோட்டைக்கோ அவர் கொண்டு வருகிறார். கமிஷன் கடையில் எடை போடுகிறார்கள். விலை காலையில் ஒன்றாகவும் உச்சிப் பொழுதில் வேறாகவும் இருக்கிறது. அவர் கையில் கிடைப்பது ஒரு துண்டுச் சீட்டு. முன்பணம் வாங்கியிருந்தால் பூவை அதே கடைக்குத்தான் கொடுக்க வேண்டும். கமிஷனும் முன்பணத் தவணையும் போக மிச்சமே அவருக்கு வரும்.

அந்த மிச்சம் இப்பொழுது அவர் கணக்கில் நேரே ஏறுகிறது; கைபேசியில் செய்தி வருகிறது. வழியில் பணம் தொலையுமோ என்ற கவலை இல்லை. தேதிவாரியாகச் சாட்சியமும் இருக்கிறது. ஆனால், இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கைபேசி சொல்வது கணக்கில் வந்த தொகையை மட்டுமே. வராத தொகையை அது சொல்வதில்லை. உதாரணமாக, பத்து கிலோ பூ, கிலோ 300 ரூபாய் வீதம் 3,000 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். ரூபாய்க்குப் பத்துக் காசு கமிஷனில் 300 ரூபாயும், முன்பணத்துக்கு 500 ரூபாயும் கழிந்தால், கைபேசியில் தோன்றுவது 2,200 ரூபாய். எடை ஒரு கிலோ குறைத்துப் போடப்பட்டிருந்தாலும், முன்பணம் எப்பொழுதோ தீர்ந்திருந்தாலும், அந்த விவரம் பாங்குச் செய்தியில் இராது.

ஆகவே கைபேசி வந்ததனால் குறிப்பேடு வேண்டாம் என்று கருதுவது தவறு. தேதி, எடை, விலை, கமிஷன், முன்பணத்துக்குக் கழித்தது, கணக்கில் வந்தது என்று ஆறு பத்திகள் கோடிட்ட ஒரு நோட்டுப் புத்தகம் ஒவ்வொரு விவசாயி வீட்டிலும் இருக்க வேண்டும். பள்ளிக்குச் செல்லும் மகளோ மகனோ மாலையில் அதை எழுதலாம். மாதக் கடைசியில் நோட்டையும் பாங்குக் கணக்கையும் ஒத்துப் பார்த்தால், கமிஷன் கடையில் கணக்குக் கேட்கத் துணிவு பிறக்கும். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று பெரியோர் கூறியது இதற்கும் பொருந்தும்.

முன்பணத்தின் பிடியிலிருந்து விடுபடக் கைபேசி மட்டும் போதாது; நியாயமான கடனும் வேண்டும். அவசரத்துக்குப் பலர் நாடும் தண்டல் கடனின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 10,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவரிடம் 1,000 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் தருகிறார்கள். அவர் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு வட்டி நூற்றுக்குப் பத்து என்றே தோன்றும். ஆனால், அசல் நாள்தோறும் குறைந்து வருவதால், அந்த 100 நாளில் அவர் கையிலிருந்த கடன் சராசரியாகச் சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு வட்டி 1,000 ரூபாய் என்றால், 100 நாளுக்கு நூற்றுக்கு 22. ஓராண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு 80-க்கும் மேல்!

மறுபுறம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வழங்கும் பயிர்க் கடனை உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோர் வட்டி கட்ட வேண்டியதில்லை. அவ்வட்டியைத் தமிழக அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. கைபேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாக ஆசை காட்டும் செயலிகளையும் இதே தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். கடன் தொகை கடனாளியின் கணக்குக்கே நேரே வர வேண்டும், ஆண்டு வட்டி முதலிய செலவுகள் அனைத்தையும் ஒரே தாளில் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும் என்று 2022-இல் ரிசர்வ் பாங்கு விதி செய்தது. அந்தத் தாளைத் தராதவரிடம் கடன் வாங்குதல் தகாது.

விரல் ரேகையும் ஒரு சாவியே

கையெழுத்து அறியாத மூதாட்டியின் சாவி அவருடைய விரல் நுனியில் இருக்கிறது. அதையும் திருட வழியுண்டு. "ரேகை விழவில்லை, பாட்டி, இன்னொரு தடவை வையுங்கள்" என்று சொல்லி இரு முறை பணம் எடுத்துக்கொண்டு, ஒரு முறைக்கு உரியதை மட்டும் கொடுக்கும் மோசடி நாட்டின் பல பாகங்களில் நடந்துள்ளது. இதற்கு மாற்று எளியது. கருவியிலிருந்து வரும் ரசீதை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்க வேண்டும். ரேகை விழவில்லை என்றால் விழவில்லை என்பதற்கும் சீட்டுக் கேட்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் பாங்குக் கிளையிலோ, வேறொரு தொடர்பாளரிடமோ இருப்பை விசாரிக்கலாம். தொடர்பாளருக்குரிய ஊதியத்தைப் பாங்கு கொடுக்கிறது. நூற்றுக்கு இவ்வளவு என்று அவராகவே பிடித்துக்கொள்ளுதல் முறையன்று.

மண்வெட்டி பிடித்தும் தறி நெய்தும் ரேகை தேய்ந்தவர்களின் துன்பம் வேறு வகையானது. கருவி அவர்களை அடையாளம் காண மறுக்கிறது. தம் பணத்தைத் தாமே பெற முடியாமல் அவர்கள் வெறுங்கையுடன் திரும்புவது வருந்தத்தக்கது. கருவி மறுத்துவிட்டது என்பதனால் பணம் பெறும் உரிமை போய்விடாது. பாஸ் புத்தகத்துடன் கிளைக்குச் சென்று பணம் பெறலாம். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளலாம். முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் முறையையும் சில பாங்குகள் கைக்கொண்டுள்ளன.

பெண்கள் பொருட்டு மற்றொன்று கூற வேண்டும். 2023 செப்டம்பர் 15-ஆம் நாள் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியபொழுது, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில பாங்குகள் அதில் கட்டணம் பிடித்துக்கொண்டன. அவ்வாறு பிடித்தல் கூடாது என்று அரசாங்கம் தலையிட நேர்ந்தது. கணக்கைப் பார்த்தவர்களுக்குத்தான் பிடித்தம் தெரிந்தது. பல வீடுகளில் கணக்குத் தாயின் பெயரில் இருக்கிறது. பாங்கில் பதிந்த கைபேசி எண்ணோ மகனுடையது. பணம் வந்த செய்தி மகனுக்குப் போகிறது. இரண்டு மூன்று கணக்கு உள்ளவர்களுக்கு எந்தக் கணக்கில் பணம் ஏறுகிறது என்பதும் தெரிவதில்லை. ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே அரசாங்கத்தின் உதவித் தொகைகள் செல்லும். கணக்கு யாருடையதோ அவருடைய எண்ணே பதிவாகியிருக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே கொள்ளலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டுவதில்லை. "உங்களுக்குப் பணம் வருகிறது, எண்ணை அழுத்துங்கள்" என்று யார் கூறினாலும் அது மோசடி.

2. ரகசிய எண்ணையும், கைபேசிக்கு வரும் ஒரு முறைக் கடவு எண்ணையும் பாங்கு அதிகாரி உட்பட எவருக்கும் கூறலாகாது.

3. ஏமாந்தது தெரிந்தவுடன் 1930 என்னும் எண்ணுக்குப் பேச வேண்டும். பாங்குக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். 2017-இல் ரிசர்வ் பாங்கு வகுத்த விதிகளின்படி, வாடிக்கையாளரின் பிழையோ பாங்கின் பிழையோ இன்றி மூன்றாமவரால் நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் அவர் மீது பொறுப்பில்லை. ரகசிய எண்ணைத் தாமே கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை நேரும் நஷ்டம் அவருடையதே.

4. அனுப்பிய பணம் தம் கணக்கில் கழிந்து, அடுத்தவர் கணக்கில் சேராமல் போவதுண்டு. ஒருவருக்கொருவர் அனுப்பிய பணம் மறுநாளைக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது ஐந்து நாளைக்குள்ளும் திரும்பி வர வேண்டும்; தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டு விதி. பரிமாற்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு பாங்கில் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

5. இரண்டு ஆண்டுகள் போடாமலும் எடுக்காமலும் விட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். அதைப் புதுப்பிக்கக் கட்டணம் இல்லை.

பஞ்சாயத்து செய்யத்தக்க பணி

இவை தனி மனிதர் முயற்சியால் மட்டும் ஆகக்கூடியவை அல்ல. பூட்டை விற்பவர் பாங்கு. அதைப் பூட்டவும் திறக்கவும் ஊராருக்குக் கற்பிக்க வேண்டிய கடமையில் பஞ்சாயத்துக்கும் பங்குண்டு.

ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபையில், ஒரு முறையேனும் பாங்குக் கிளை அதிகாரி, கூட்டுறவுச் சங்கச் செயலாளர், வணிகத் தொடர்பாளர் ஆகியோரை அழைத்து ஊரார் முன் விளக்கம் பெறலாம். தொடர்பாளரின் பெயர், அவர் சார்ந்த பாங்கு, பணம் கொடுக்கும் இடம், நேரம் ஆகியவற்றையும், 'ரசீது கேட்டுப் பெறுக' என்னும் அறிவிப்பையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். விரல் ரேகை பதியாத முதியோர், எண் மாறிப் பதிந்த பெண்கள், செயலற்றுப்போன கணக்குடையோர் ஆகியோரின் பட்டியலை வார்டு வாரியாகத் தயாரித்து, பாங்கு ஊழியரை ஊருக்கே வரவழைத்து ஒரே நாளில் சீர் செய்யலாம். பாங்கு அசிரத்தையாக இருப்பின், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கு அப்பட்டியலை அனுப்பலாம். அதற்கும் பயன் இல்லையெனில், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடும் வழியும் உண்டு.

கற்பிக்கும் பணிக்கு மகளிர் சுய உதவிக் குழுக்களே தக்கவை. வாரந்தோறும் கூடிச் சேமிப்பை எண்ணி, பற்று வரவு எழுதிப் பழகிய கைகள் அவை. குழுக் கூட்டத்தில் கால் மணி நேரத்தை ஒதுக்கி, ஒவ்வொரு வாரமும் ஒருவர் தம் கைபேசியில் ஒரு ரூபாய் அனுப்பவும், இருப்பைப் பார்க்கவும் செய்து பழகினால், சில மாதங்களில் குழு முழுவதும் தேர்ச்சி பெறும். 1947 முதல் சின்னாளப்பட்டிக்கு அருகில் கிராமப் பணி ஆற்றிவரும் காந்திகிராமம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. முதியோருக்கு எழுத்தறிவித்த மரபு நமக்குப் புதிதன்று. இன்று அதனுடன் கணக்கறிவையும் சேர்க்க வேண்டியுள்ளது.

பஞ்சாயத்து தானே முன்மாதிரியாகவும் விளங்க வேண்டும். வீட்டு வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் இணைய வழியே செலுத்தும் வசதி வந்துள்ளது. அவ்வாறு செலுத்துவோருக்கும் ரொக்கமாகச் செலுத்துவோருக்கும் ரசீது தவறாமல் கிடைக்க வேண்டும். கைபேசி இல்லை என்பதற்காக எவரும் திருப்பி அனுப்பப்படலாகாது. ரொக்கத்தையே விரும்பும் முதியவரும் ஊரின் குடிமகனே. அவரை வலியுறுத்தாமல், கற்க விரும்புகிறவருக்குக் கற்பிப்பதே முறை.

ஊரில் எத்தனை கணக்குகள் திறக்கப்பட்டன என்பதை அறிக்கைகள் கூறும். பிறர் துணையின்றித் தம் இருப்பைத் தாமே பார்த்து, தவறு கண்டால் தாமே கேட்கும் ஆற்றல் எத்தனை பேருக்கு வந்தது என்பதைப் பஞ்சாயத்துத்தான் கணக்கெடுக்க வேண்டும். அடுத்த கிராம சபைக்கு முன், ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டில் பத்து வீடுகளுக்குச் சென்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: "உங்கள் கணக்கின் சாவி யாரிடம் இருக்கிறது?" வீட்டுக்கு உரியவரே "என்னிடம்" என்று விடை கூறும் நாள் வரை நமது பணி முடிந்ததாகாது.